கணினியை ஏவக் கற்க!

கோயிலில் தமிழ் வேண்டும், வழக்குமன்றத்தில் தமிழ் வேண்டும், கல்லூரியில் தமிழ் வேண்டும் என்று முழங்கிய வாய்கள், கணினியிலும் தமிழ் வேண்டும் என்று முழங்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகின்றன. முழக்கத்தில் குறையில்லை. ஆயின், கணினித் தமிழ் என்று தமிழ் அன்பருள் மிகப் பலர் எதனைக் கருதுகின்றனர் என உற்று நோக்கினால் ஒரு வெறுமை புலப்படும். திரையில் தோன்றும் பொத்தான்களின்மேல் 'திற', 'மூடு', 'சேமி' என்று தமிழில் எழுதியிருந்தால் போதும். கணினி தமிழாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடுகின்றனர். கடைப்பெயர்ப் பலகையைத் தமிழாக்கச் சொன்னதோடு நில்லாமல், கடைக்குள் விற்கும் பொருளும் கல்லாவில் விழும் காசும் யாருடையவை என்றும் கேட்கக் கற்ற இயக்கத்தார், கணினி என்று வரும்போது மட்டும் பலகையோடு நின்றுவிடுகின்றனர்.

விரலாற் சுட்டுவதும் வாயாற் சொல்லுவதும் ஒன்றல்ல. பேச்சு வராத குழவி தனக்கு வேண்டியதை விரலாற் சுட்டும். கண்ணெதிரே இருப்பதை மட்டுமே அதனாற் கேட்க முடியும். நேற்றுக் கண்டதை, அடுத்த அறையில் இருப்பதை, இன்னும் செய்யப்படாததைக் கேட்க அதற்கு மொழி வேண்டும். சுட்டெலியைப் பிடித்துப் படங்களின்மேற் சொடுக்கிக்கொண்டிருப்பவர் நிலையும் இதுவே. திரையில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை மைக்ரோசாப்டும் ஆப்பிளும் முடிவுசெய்து வைத்திருக்கின்றன. காட்டியதைச் சுட்டலாம், காட்டாததைச் சுட்ட வழியில்லை. அந்தப் படங்களுக்கு அடியில், கணினியோடு சொல்லாற் பேசும் பழைய வாயில் ஒன்று இன்றும் திறந்தே கிடக்கிறது. ஆங்கிலேயர் அதனைக் கமாண்டு லைன் என்பர். தமிழிற் கட்டளைவரி எனலாம். வெற்றுத் திரையில் ஒரு வரி. அவ்வரியில் ஓர் ஏவற்சொல். நுழைவு விசையைத் தட்டியதும் சொன்னது நடக்கும். அவ்வளவே. இந்த வாயிலுள் நுழையத் தமிழ் அன்பர் கற்றே ஆகவேண்டும்; கல்லாத வரையிற் கணினித் தமிழ் என்பது பிறர் இட்ட பிச்சையாகவே இருக்கும்.

இவ்வாயிலின் வரலாறு அறியத்தக்கது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திற் கென் தாம்சன், தெனிசு இரிட்சி என்னும் இருவர் யூனிக்சு என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அவர்தம் மேசையில் இன்றுள்ளது போன்ற திரை இல்லை. தட்டச்சுப் பொறியை ஒத்த தொலையச்சி ஒன்றில் ஏவலைத் தட்டவேண்டும்; கணினியின் விடையும் அதே தாளில் அச்சாகி வரும். நொடிக்குப் பத்தெழுத்துக்கு மேல் அது அச்சிடாது. எனவே ஏவற்சொற்களை இரண்டெழுத்து, மூன்றெழுத்தாகக் குறுக்கினர். 1983-இல் இரிச்சர்டு சுடால்மன் என்பார், யூனிக்சை ஒத்ததும் எவரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவதுமான குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்சு, தம் இருபத்தோராம் அகவையில், இலினக்சு என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே இன்று இலினக்சு என்று வழங்கும் இயங்குதளம். உலகின் மிக விரைந்த மீக்கணினிகள் என்று பட்டியலிடப்படும் 500-உம் 2017 நவம்பர் முதல் இதன்மேலேயே ஓடுகின்றன. ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் இதுவே.

இடையில் ஒரு செய்தி. தோர்வால்சின் தாய்மொழி பின்னிய மொழியன்று; பின்லாந்து மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே பேசும் சுவீடிய மொழி. ஒரு நாட்டின் சிறு மொழிக் கூட்டத்துப் பிள்ளை ஒருவன் தொடங்கியதன்மேல் உலகம் ஓடுகிறது. எட்டுக் கோடித் தமிழர் எண்ணிப் பார்க்க.

"அவ்வேவற்சொற்கள் ஆங்கிலந்தாமே? ஆங்கிலத்தை அகற்றப் புறப்பட்டவர் கையில் அவை எதற்கு?" என்று தனித்தமிழ் அன்பர் கேட்பர். நேரிய வினாவே. விடையை நன்னூலே தருகிறது. தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்று குழூஉக்குறி. ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் ஒரு கரணியம் பற்றிப் பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவது அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. யூனிக்சின் ஏவற்சொற்கள் குழூஉக்குறிகளே. கோப்புகளைப் பட்டியலிட 'எல்-எசு' என்று தட்டவேண்டும். இலண்டனிற் பிறந்த குழந்தைக்கும் இது விளங்காது. ஒரு சொல் எந்தெந்த வரிகளில் உள்ளது எனத் தேடித் தருவது 'கிரெப்பு'. அது ஆங்கில அகரமுதலிச் சொல்லன்று, பழைய தொகுப்பி ஒன்றில் தேடலுக்குத் தட்டிய குறிகளின் ஒட்டு. 'ஆக்கு' என்றோர் ஏவல் உண்டு. அதனை உருவாக்கிய மூவர்தம் குடிப்பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். 'ஆக்குக' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைக்கூடக் கடைசி எழுத்தை வெட்டி முடமாக்கியே யூனிக்சில் வைத்தனர். மீண்டும் செய்ய வாய்த்தால் எதனை மாற்றுவீர் என்று கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று தாம்சனே நகையாகச் சொன்னார்.

ஆகவே ஆங்கிலேயனும் இக்குறிகளை அரிச்சுவடி போலப் புதிதாகவே கற்கிறான். தமிழனுக்கு இங்கே கூடுதற் சுமை யாதுமில்லை. சுமை வேறிடத்தில் இருக்கிறது. இக்குறிகளுக்குரிய விளக்கம் தமிழில் இல்லை. குறியைக் குறியாக ஏற்பதில் இழுக்கில்லை. அதன் விளக்கத்தை ஆங்கிலத்திலேதான் பெற முடியும் என்னும் நிலையே இழுக்கு.

இனி, இவ்வேவல்மொழியின் இலக்கணத்தைத் தமிழிலக்கணம் கற்றவர் கண்கொண்டு பார்க்க. வியப்பு மிகும்.

தமிழில் வினைப்பகுதியே ஏவல். நட, வா, எடு, அழி என்னும் பகுதிகள் ஈறு எதுவும் ஏற்காமலே முன்னிலை ஒருமை ஏவலாக நிற்கும். இவ்வேவற் பகுதிகளுக்கு நன்னூலார் 23 வாய்பாடுகள் வகுத்தார். கட்டளைவரியிலும் இதே நெறி. வரியின் முதற்சொல் ஏவல், பின்வருவன செயப்படுபொருள், இடையில் சிறு கோடிட்டு வரும் எழுத்துகள் வினைக்கு அடை. 'எல்-எசு' என்றால் பட்டியலிடு. கோடிட்டு 'எல்' என்று அடை சேர்த்தால் விரிவாகப் பட்டியலிடு. 'டி' என்று அடை சேர்த்தால் காலமுறைப்படி பட்டியலிடு. அடை இரண்டையும் ஒருசேரவும் கொடுக்கலாம். அடையடுத்த வினையைப் பிரித்துப் பொருள்கொள்ளத் தெரிந்தவர்க்கு இதனைக் கற்க அரைமணி போதும்.

இதனினும் இனியது குழாய். ஓர் ஏவலின் விளைவை மற்றோர் ஏவலுக்குள் பாய்ச்சுவதற்கு யூனிக்சில் நெடுங்கோட்டுக் குறி ஒன்று உண்டு. இக்கருத்தை 1964-இல் எழுதி முன்வைத்தவர் தக்ளசு மெக்கில்ராய். 1973-இல் அதனை நிறைவேற்றியவர் தாம்சன். கோப்பை எடு, நெடுங்கோடு, வரிகளை அடுக்கு, நெடுங்கோடு, ஒத்தவற்றை எண்ணு என்று ஒரே வரியில் எழுதலாம். ஆங்கிலத்தில் இதனை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டுமெனில் இடையிடையே இணைப்புச் சொற்களைப் பெய்தாக வேண்டும். தமிழிலோ, 'கோப்பை எடுத்து, அடுக்கி, எண்ணிக் காட்டு' என்று வினையெச்சங்களை அடுக்கி ஒரு வினைமுற்றால் முடித்துவிடலாம். நெடுங்கோடு வருமிடமெல்லாம் எச்சம். கடைசி ஏவல் முற்று. குழாய்த்தொடரைத் தமிழ் மாணவனுக்குக் கற்பிக்கத் தமிழாசிரியரைவிடத் தகுதியுடையார் இலர்.

கோப்பின் இருப்பிடம் சொல்லும் முறையும் அவ்வாறே. யூனிக்சில் வேரிலிருந்து தொடங்கி, அடைவு, அதனுள் அடைவு, அதனுட் கோப்பு என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கிச் செல்வர்; இடையிடையே ஒரு சாய்கோடு. கழகப் புலவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று வழங்கியது இம்முறையே அன்றோ? ஊர், ஊருள் தந்தை, தந்தைக்கு மகன். ஆங்கிலேயன் தன் முகவரியைத் தலைகீழாக எழுதிப் பழகியவன். அவனுக்குத்தான் இது சற்றுப் புதிது.

இலக்கண இன்பம் ஒருபுறமிருக்க, கட்டளைவரி கல்லாமையால் தமிழுக்கு நேர்ந்துகொண்டிருக்கும் இழப்பைச் சொல்லியாக வேண்டும்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து தமிழ் நூல்களும் இதழ்களும் ஈயவெழுத்துக் கோப்பை விட்டுக் கணினி அச்சுக்கு மாறின. அப்போது தமிழ் எழுத்துக்கு ஒரே குறியெண் முறை வகுக்கப்பட்டிருக்கவில்லை. எழுத்துரு விற்ற நிறுவனம் ஒவ்வொன்றும் தன் விருப்பம்போல் எண் கொடுத்தது. ஒன்றில் ககரம் இருந்த எண்ணில் மற்றொன்றில் மகரம் இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். பின்னர்த் திசுக்கி என்னும் பொதுக் குறியேற்றம் தமிழ் அறிஞர் சிலரின் முயற்சியால் அமைந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அதிலேயே ஏற்றியது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று எங்கும் ஒருங்குறியே. ஆனால், இடைப்பட்ட இருபதாண்டுகளில் தட்டெழுதப்பட்டவை? தனித்தமிழ்ச் சிறுநூல்கள், இயக்க இதழ்கள், கலைச்சொற் பட்டியல்கள், மாநாட்டு மலர்கள் எத்தனையோ அச்சகத்துக் கணினிகளிலும் வட்டுகளிலும் பழைய எழுத்துருக்களிற் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தேடுபொறி காணாது. தேடினாற் கிடைக்காத நூல் இக்காலத்தில் எழுதப்படாத நூலுக்கு ஒப்பு.

இவற்றை மீட்க இருவேறு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, முழுதும் படியெடுத்து, மாற்றித் தரும் மென்பொருளொன்றில் ஒட்டி, மாறியதை மீண்டும் எடுத்துச் சேமிப்பது. நானூறு கோப்பு இருந்தால் நானூறு முறை. இரண்டு, கட்டளைவரி. இலினக்சில் 'ஐகான்வி' என்றோர் ஏவல் இருக்கிறது. குறியேற்றம் மாற்றுவதே அதன் தொழில். அதற்குத் திசுக்கியும் தெரியும், ஒருங்குறியும் தெரியும். இதிலிருந்து இதற்கு மாற்று என்று ஒரு வரி எழுதினால் ஒரு நூல் முழுதும் கண்ணிமைப்பில் மாறும். 'இவ்வடைவிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் இதனைச் செய்' என்று இன்னும் சில சொற்களைச் சேர்த்தால், ஏவியவர் தேநீர் அருந்தி வருவதற்குள் நானூறும் முடிந்திருக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை.

திசுக்கி அல்லாத தனியார் எழுத்துருக்களை ஐகான்வி அறியாது. அங்கே 'செட்' என்னும் ஏவல் துணைக்கு வரும்; இன்ன குறிக்கு ஈடாக இன்ன எழுத்து என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்பட்டியலை எழுத எழுத்திலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பழைய எழுத்துருக்களில் 'கெ' என்பது கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிற் பதிவாகியிருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முன், கொம்பு பின். கொம்பும் அதனையடுத்து ஓர் உயிர்மெய்யும் வந்தால் இரண்டையும் இடமாற்றுக என்று செட்டுக்கு ஒரே ஒரு விதி எழுதினால் பதினெட்டு மெய்க்கும் அது செல்லும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றையும் அவ்வொரு விதிக்குள்ளேயே அடக்கலாம். நூற்பா யாக்கும் திறன் என்பது இதுவன்றி வேறென்ன?

எழுத்தைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. கணினிக்குத் தமிழ் என்றால் என்ன தெரியும் என்பதைக் கட்டளைவரியிலேதான் நேருக்குநேர் காணலாம். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து மூன்று. தொல்காப்பியம் தொட்டு இதுவே கணக்கு. எண்ணுவதற்குரிய 'டபிள்யூ-சி' என்னும் ஏவலைக் கொண்டு அச்சொல்லை எண்ணச் சொன்னால், எழுத்து ஐந்து என்று விடை வரும். தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. பைட்டுகளாக எண்ணச் சொன்னால் 15 என்னும். ஒவ்வொரு குறிக்கும் மும்மூன்று. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபை ஒருங்குறி ஏற்கவில்லை என்று மேடைகளில் முழங்குவோர் பலர். அவருள் இந்த ஐந்தையும் பதினைந்தையும் தம் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்?

அடுக்கலும் அப்படியே. அவை, அழை, அளை, அறை, அனல் என்னும் ஐந்து சொற்களையும் ஒரு கோப்பில் எழுதி, மொழி எதுவெனக் குறிக்காமல், வெறும் குறியெண் வரிசைப்படி அடுக்குமாறு 'சார்ட்டு' என்னும் ஏவலைப் பணித்தால், அனல், அறை, அளை, அழை, அவை என்று முற்றும் தலைகீழாக வரும். 'பக்கம்' என்பதற்கு முன்னே 'பகல்' வந்து நிற்கும். கரணியம் யாதெனில், ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியேற்றத் தரத்தைப் பின்பற்றியது. அத்தரமோ நாகரி வரிசையை அடிப்படையாகக் கொண்டது. வடமொழி நெடுங்கணக்கில் இல்லாத னகரத்தை நகரத்தின் பக்கத்திலும் றகரத்தை ரகரத்தின் பக்கத்திலும் செருகிவிட்டனர். தமிழ் நெடுங்கணக்கின் கடைசியில் நின்ற றகர னகரங்கள் நடுவே புகுந்தன. வகரம் கடைசிக்குத் தள்ளப்பட்டது. வடமொழி மேலாண்மை கோயிற் கருவறையில் மட்டுமன்று, குறியெண் அட்டவணையிலும் இருக்கிறது.

இதற்குத் தீர்வும் கட்டளைவரியிலேயே உண்டு என்பதுதான் கருதத்தக்கது. இலினக்சில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மொழிச்சூழற் கோப்பு இருக்கிறது. இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று எனத் தமிழுக்கு இரண்டு. சொற்களை எவ்வரிசையில் அடுக்குவது, கிழமைப் பெயர்களை எவ்வாறு எழுதுவது என்பனவெல்லாம் இத்தகைய கோப்புகளில் எழுத்தாகவே எழுதப்பட்டுள்ளன. எவரும் திறந்து படிக்கலாம். பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். அமைச்சரைக் காணவோ ஊர்வலம் செல்லவோ வேண்டுவதில்லை. ஆயின் அக்கோப்பு எங்கே இருக்கிறது, அதனை எவ்வாறு திறப்பது, திருத்தியதை எவ்வாறு ஆய்வது என்பன தெரிந்தாக வேண்டுமே! படங்களைச் சொடுக்கும் வழியில் அவ்விடம் சேர இயலாது.

அகரமுதலிப் பணியில் ஈடுபட்டோர்க்குப் பிறிதொரு செய்தி. 1986-இல் தொனால்டு கனூத் என்னும் பெரும் கணினியறிஞர், ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடும் நிரலொன்றைப் பல பக்கங்களில் நுட்பமாக எழுதி வெளியிட்டார். அதனைத் திறனாய்ந்த மெக்கில்ராய், அதே வேலையை ஆறே ஏவல்களைக் குழாயால் இணைத்துச் செய்து காட்டினார். அவ்வாறனுள் இரண்டாவது, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக மாற்றுவது. தமிழில் அவ்விருவகை இல்லை, ஐந்தே போதும். முதலாவதை மட்டும் மாற்றி எழுதவேண்டும். ஏனெனில் ஆங்கில எழுத்தல்லாதன அனைத்தையும் அகற்றுக என்பது அவரெழுதிய முதலேவல். அப்படியே ஏவினால் தமிழ் முழுதும் போய்விடும். அதற்கு மாறாக, இடைவெளி வருமிடமெல்லாம் வரியை முறி என்று எழுதிக்கொண்டால், ஒரு காப்பியத்தின் சொல்லடைவு சில நொடிகளில் அணியமாகும். பாவாணர் 1974-இற் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்ந்த காலத்தில் இத்தகைய கருவி ஒரு தமிழறிஞர் கைக்கும் எட்டியதில்லை. 1981-இல் அவர் மறைந்தார். இன்று அக்கருவி எளிய மடிக்கணினிக்குள் இருந்தும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. பொறி எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் உண்மை. மரம், மரத்தை, மரத்தில் என்பவற்றை அது மூன்று சொல்லாகவே எண்ணும். வேற்றுமையையும் சாரியையையும் களைந்து வேர் காண்பது புலவர் வேலையாகவே எஞ்சி நிற்கும்.

அச்சம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டளைவரி கடுமையானது, சொன்னதைச் சொன்னபடியே செய்யும். 'ஆர்-எம்' என்றால் அழி. அழித்தது குப்பைக்கூடைக்குப் போகாது, அடியோடு போகும். விண்மீன்குறி எல்லாவற்றையும் குறிக்கும். 'பழைய' என்று முடியும் கோப்புகளை எல்லாம் அழிக்க விண்மீன்குறியோடு புள்ளியையும் அச்சொல்லையும் ஒட்டி எழுதவேண்டும். விண்மீனுக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், அடைவிலுள்ள கோப்புகள் எல்லாம் அழிந்துபோம். வேலை கொடு என்பதற்கும் வேலைக் கொடு என்பதற்கும் இடையே உள்ளது ஓர் ஒற்றுத்தான். ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கைசலித்த தமிழாசிரியர்க்கு இக்கடுமை புதிதன்று. ஏன், உவப்பாகவே இருக்கும். கேட்டபின் அழி என்று பொருள்படும் அடை ஒன்றும் அவ்வேவலுக்கு உண்டு. தொடக்கத்தில் அதனைச் சேர்த்தே எழுதிப் பழகுக.

'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது; தமிழிலே கேட்டால் அதுவே ஏவலை எழுதித் தருகிறது; இனி இவற்றைக் கற்பது எதற்கு?' என்பார் இப்போது மிகுந்து வருகின்றனர். எழுதித் தருவது மெய்தான். தந்ததிற் பிழை இருப்பதும் உண்டு. அயலான் எழுதித் தந்த ஓலையைப் படிக்கத் தெரியாமற் கைந்நாட்டு வைத்தவர்கள் நிலமிழந்த கதையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் நன்கறியும்.

கற்கும் முறை எளிது. புதுக் கணினி வேண்டா. விண்டோசு ஓடாது என்று ஒதுக்கிய பழைய கணினியில் இலினக்சின் எளிய வகைகளுள் ஒன்றை ஏற்றலாம். காசில்லை, உரிமத் தொல்லை இல்லை. அண்டையிலுள்ள கேரளத்து அரசுப் பள்ளிகள் இலினக்சைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கின்றன என்பதைத் தமிழ்நாட்டுக் கல்வியாளர் நினைவிற் கொள்க. ஊர்தோறும் இயங்கும் தமிழ்ப் பயிற்று மன்றங்கள் கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்கினாற் போதும். இருக்குமிடம் அறிதல், இடம் பெயர்தல், பட்டியலிடல், படியெடுத்தல், பெயர் மாற்றல், அழித்தல், படித்துக் காட்டல் என்னும் ஏழு ஏவல்களோடு முதற்றிங்களை முடிக்கலாம். தேடலும் அடுக்கலும் குழாயும் இரண்டாந் திங்களில். குறியேற்றம் மாற்றல் மூன்றாந் திங்களில்.

ஏவற்பெயர்களையே தமிழாக்கிக்கொள்ளவும் இலினக்சு இடந்தருகிறது. மாற்றுப்பெயர் அமைக்கும் ஏவல் ஒன்றைக் கொண்டு, 'பட்டியல்' என்று தமிழில் தட்டினாற் பட்டியலிடவும் 'படியெடு' என்றாற் படியெடுக்கவும் செய்யலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல நுழைவாயில். அவர்தம் கண்முன்னே கணினி தமிழ்ச்சொல்லுக்கு அடங்கி நடக்கும் காட்சிக்கு ஈடில்லை. ஆயின் அதனோடு நின்றுவிடலாகாது. மாற்றுப்பெயர் அமைத்த கணினியில் மட்டுமே அது செல்லும்; வேறொருவர் கணினியின் முன் அமர்ந்தால் மூலக்குறி தெரியாமல் விழிக்க நேரும். இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

தமிழ்ப் புலவர்க்கு இதிற் பெரியதொரு பணி காத்திருக்கிறது. ஒவ்வோர் ஏவலுக்கும் இலினக்சுக்குள்ளேயே ஒரு விளக்கப் பக்கம் உண்டு. 'மேன்' என்று தட்டி ஏவலின் பெயரையும் தட்டினால் அது விரியும். பெயர், வாய்பாடு, விளக்கம், அடைகள் என்று அதன் உறுப்புகள் வரிசையாய் அமையும். இம்முறை 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்சின் முதற் கையேட்டிலிருந்து வருவது. இளம்பூரணரும் சேனாவரையரும் பிறந்த மொழிக்கு உரையெழுத ஆளில்லையா? ஐம்பது ஏவல்களுக்குத் தெளிந்த தமிழில், எடுத்துக்காட்டோடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் மிகாமல் உரை எழுதினால், ஆங்கிலம் அறியாத சிற்றூர்ப் பிள்ளையும் இவ்வாயிலுள் நுழையும். உரையெழுதுவோர் தாமே ஏவிப் பார்த்தபின் எழுதுக. ஆங்கிலப் பக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால் அதனினும் ஆங்கிலமே எளிதாய்விடும்.

மன்றங்கள் முதலிற் கைவைக்க வேண்டியவை அச்சகங்களிற் கிடக்கும் பழைய வட்டுகள். நெகிழ்வட்டுகள் பல இதற்குள் படிக்க இயலாதனவாய்விட்டன. குறுவட்டுகளும் ஆண்டுக்காண்டு கெட்டுவருகின்றன. அச்சகம் நடத்தியவர்கள் முதுமையுற்றுத் தொழிலை மூடிவருகின்றனர். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. குறியேற்றம் மாற்றுவது மூன்றாந் திங்கட் பாடமாகவே இருக்கட்டும். வட்டிலிருப்பதைக் கணினிக்குப் படியெடுத்து, கோப்போடு எழுத்துருவின் பெயரையும் குறித்து வைப்பதற்கு 'சி-பி' என்னும் ஓர் ஏவல் போதும். அது முதல்நாள் மாலையிலேயே கற்கத்தக்கது.